நாலாயிரத்துப் பதினேழுக்குப் பூஜ்யம்

எங்கள் வீட்டுச் சுவரில் உப்புப் பூப்பது புதிதல்ல. தூத்துக்குடியில் கடலுக்கு நாலு தெரு தள்ளி, கடல்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து எங்கள் அப்பா கட்டிய வீடு அது; பங்குனி வெயில் ஏறினால் தெருப்பக்கச் சுவர் முழுக்க வெள்ளையாய்ப் பொரிந்து நிற்கும், சட்டை உரசினால் மாவு மாதிரி ஒட்டும், எங்கள் தெரு மரியபுஷ்பத்தின் ஆடு வந்து நக்கும், ஐப்பசி மழையில் கரையும், மறு வருஷம் மறுபடி பூக்கும். அந்த வருஷம் எண்ணாகப் பூத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்குத் தெருவைப் பார்த்து இரண்டு வாசல். தெற்கு வாசல் எனக்கு, வடக்கு வாசல் என் தம்பி பெர்க்மான்ஸுக்கு, நடுவில் அந்தச் சுவர். நான் கஸ்பார். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். இறங்குகிற மூட்டைகளை நாலு கோடு போட்டு அஞ்சாவதைக் குறுக்கே அடித்து எண்ணுகிற வேலை. கல்யாணம் கட்டவில்லை. தம்பி முப்பது வருஷம் கப்பலில் இஞ்சின் அறையில் எண்ணெய் போட்டவன். கப்பல் யோகஹாமாவிலோ பால்டிமோரிலோ நின்றால் மற்றவன் எல்லாம் கடைத்தெருவுக்குப் போவான், இவன் மைதானத்துக்குப் போவான். அப்படிப் போய்ப் போய் பேஸ்பால் என்ற ஆட்டத்தை ஒரு நோய் மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

ஆட்டம் இந்த ஊரில் எவனுக்கும் தெரியாது. காலை ஐந்து மணிக்குச் செல்போனில் தனியாகப் பார்ப்பான். பார்க்கிறதோடு விட்டால் பரவாயில்லை. கட்டம் கட்டமாய் அடித்த நோட்டில், எவன் எந்தப் பந்தை அடித்தான், எவன் எங்கே கோட்டைவிட்டான் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறி போடுவான். கட்டம் ஒன்று காலியாகக் கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. ஆட்டம் இல்லாத நேரத்துக்கும் கை சும்மா இருக்கவில்லை. தன்னையே எழுத ஆரம்பித்தான். எத்தனை டீ, எத்தனை பீடியைப் பற்றவைக்காமல் கீழே போட்டான், பாலத்தில் தூண்டில் போட்டு எத்தனை கடிக்கு எத்தனை மீன், எத்தனை காலை கடலில் குளித்தான், எத்தனை தடவை வேடிக்கை பேசினதில் பெண்டாட்டி சலேத்து எத்தனை தடவை சிரித்தாள். எல்லாவற்றுக்கும் ஆயிரத்துக்கு இத்தனை என்று சராசரி உண்டு. பத்துக்கு மூணு என்றால் முந்நூறு என்பான். முந்நூறு எடுத்தவன் அந்த ஆட்டத்தில் பெரிய ஆளாம்.

"பத்துக்கு ஏழு தடவை தோக்கிறவனா பெரிய ஆளு?" என்று டீக்கடை முத்துமாலை கேட்டிருக்கிறான்.

"ஆமா. அதனாலதான் அந்த ஆட்டம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றானாம்.

என்னிடம் அவன் சொன்னதில்லை. எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை. முப்பத்துமூணு வருஷம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இழுப்பது எனக்கு ஆகாது. தொண்ணூற்றொன்றில் அப்பா இறந்தார். கூட இருந்தது நான் ஒருத்தன்தான். சலேத்து பிரசவத்துக்கு மணப்பாட்டில் தாய்வீட்டில் இருந்தாள், தம்பி கடலில் இருந்தான். ஏஜெண்டு ஆபீஸ் மூலம் கப்பலுக்குச் செய்தி கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை அடக்கம் பண்ணினோம். பத்து மாசம் கழித்து அவன் வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, மேலாக ஆட்டத்தைக் கட்டம் கட்டமாய்க் குறிக்கிற ஒரு பேஸ்பால் அட்டை கிடந்தது. பால்டிமோர். தேதி, அடக்கம் பண்ணின அதே ஞாயிறு. அப்பாவைக் குழிக்குள் இறக்கின அன்றைக்கு இவன் ஆட்டம் பார்த்திருக்கிறான். அட்டையை எடுத்து என் பெட்டியில் வைத்தேன், வாயை மூடினேன். அவ்வளவுதான்.

வேலையை விட்டு வந்து வடக்கு வாசலில் குடியேறினதிலிருந்து, பதினோரு வருஷமாக, தினம் காலை ஏழு மணிக்கு என் கதவைத் தட்டுவான். மூணு தட்டு. "அண்ணே, அப்பா கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்பான். ஒரு நிமிஷம் நிற்பான். போவான். போய் எழுதுவான். கேட்கிறது ஒரே கேள்வி. அதற்குப் பதில் இந்த உலகத்தில் என் ஒருத்தனிடம்தான் இருந்தது, நான் கொடுக்கவில்லை. சலேத்து கொண்டுவருகிற மீன்குழம்பை வாங்கிக்கொள்வேன். குழம்பு வேறு, இது வேறு.

பங்குனிக் கடைசியில், அமெரிக்காவில் அந்த வருஷ ஆட்டம் தொடங்கின வாரத்தில், சுவரில் உப்பு வரிசை வரிசையாகப் பூத்தது. முதல் வரியில் கடல் குளியல், பத்தொன்பதுக்குப் பதினொன்று. அடுத்து தூண்டில். அடுத்து பீடி. அடுத்து, சலேத்து சிரித்தது, இருநூற்று ஐம்பத்துநாலு. எழுத்து குண்டு குண்டாய், அச்சு அசலாக அவன் கையெழுத்து. தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே படித்தார்கள்.

"இருநூற்று ஐம்பத்துநாலுதானா, சலேத்தக்கா? கொஞ்சம் கூடச் சிரிச்சா என்ன குறைஞ்சிரும்?" என்று மரியபுஷ்பம் கேட்டாள்.

"அவரு சொல்லுத வேடிக்கைக்கு அதுவே தருமம்" என்றாள் சலேத்து.

பெர்க்மான்ஸ் நோட்டைக் கொண்டுவந்து சுவரோடு ஒத்துப் பார்த்தான், ஓரிடத்தில் நோட்டுதான் தப்பு என்று கண்டுபிடித்து அழித்து எழுதினான், உள்ளே போய்விட்டான். யாரும் ஏன் எப்படி என்று கேட்கவில்லை. இந்தத் தெருவில் தண்ணீர் வராத குழாயைத்தான் ஏன் என்று கேட்பார்கள்.

வைகாசி பிறந்ததும் சுவர் தெருவையே எழுத ஆரம்பித்தது. டீ கேட்டவர் சொன்னபடி முத்துமாலை சர்க்கரை போட்டது, நூற்றுத்தொண்ணூறு. மூணு நாள் சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான், நாலாம் நாளிலிருந்து ஒவ்வொரு ஆளையும் "அரையா, முழுசா?" என்று கேட்டு ஊற்ற, ஆனி முடிவதற்குள் முந்நூற்றுப் பத்துக்கு வந்து, கடைவாசலில் அந்த எண்ணைக் கரிக்கட்டியால் எழுதிவைத்தான். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் தூங்காமல் கேட்டவர்கள் நூற்று எண்பத்தெட்டு என்று வந்தது. சாமியார் விடியலில் நடைப்பயிற்சி போகிறவர் மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போனார், அடுத்த ஞாயிறு எட்டே நிமிஷத்தில் முடித்தார். பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் சுவரைப் படித்துவிட்டு நுழைந்தார்கள். மாநகராட்சியிலிருந்து ஒருத்தர் வந்து, பொதுச்சுவரில் எழுதுவது குற்றம் என்று சொல்லி ரெண்டு கோட் வெள்ளையடித்தார். மறுநாள் வெள்ளைக்கு மேலேயே பூத்தது, கூடவே அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்த நேரத்தின் சராசரியும் பூத்தது. அதற்கப்புறம் அவர் எங்கள் தெருவழியாகப் போகவில்லை.

ஆடுதான் பெரிய சிக்கல். நக்கினால் எண் போய்விடும். ஆகவே காலையில் ஆட்டுக்கு மரியாதை ஏறியது. வாழைத்தோலும் அகத்திக்கீரையும் காட்டித் தங்கள் வரிக்குக் கீழே இழுத்து வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். நக்கின எண் மறுநாள் ஒன்று கூடித்தான் வரும். அதை யாரும் நம்பவில்லை, ஆடு மட்டும் நன்றாகக் கொழுத்தது.

எண் வந்ததும் எல்லோருக்கும் விதி தெரியவேண்டியிருந்தது. சலேத்து சொல்லிக்கொடுத்தாள், முப்பது வருஷம் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். அடித்தவன் நன்றாக அடித்து முதல் மூலைக்கு ஓடிச் சேர்ந்தால் ஹிட், அவன் கணக்கில் ஏறும். பிடிக்கவேண்டியவன் தவறவிட்டதால் சேர்ந்தான் என்றால் அது பிழை, தவறவிட்டவன் பேரில் எழுதப்படும், அடித்தவனுக்கு ஒன்றும் கிடையாது. எது எது என்று முடிவு செய்வது குறி போடுகிறவன். ஆடுகிறவனுக்கு அதில் வாயே கிடையாது.

"இன்னொண்ணு இருக்கு. தான் அவுட் ஆவோம்னு தெரிஞ்சே மெதுவாத் தட்டிவிட்டு, முன்னால நிக்கிறவனை ஒரு படி ஏத்திவிடுறது. அது அவுட்டுதான், ஆனா சராசரியில சேக்கமாட்டாவ. இவரு அதுக்கு ஒரு சின்ன நங்கூரம் வரைவாரு" என்றாள்.

பெண்கள் குடத்தை இறக்கி வைத்தார்கள். அப்புறம் மரியபுஷ்பம், "என் வரியில எல்லாக் கட்டத்துக்கும் அந்த நங்கூரத்தைப் போடச் சொல்லு உன் வீட்டுக்காரரை" என்றாள். சிரித்தார்கள். ஆனால் அந்த வாரம் பல வரிகளில் நங்கூரம் பூத்திருந்ததை நான் தெருவில் இறங்கிப் பார்த்தேன். எண்ணுவது என் தொழில். நாற்பத்தொன்று.

ஆனி நடுவில் என் பெயர் வந்தது. சுவரின் நட்ட நடுவில், மற்றதைவிடத் தடிமனாக. கஸ்பார் அண்ணன் கதவு, மூவாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டுக்குப் பூஜ்யம்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு. காலை ஏழு மணிக்குத் தெருவில் கூட்டம். டம்ளரோடு வந்து நிற்பார்கள். தம்பி தட்டுவான், கேட்பான், நான் உள்ளே உட்கார்ந்து பல்லைக் கடிப்பேன், வெளியே எல்லோரும் ஒரே மூச்சாய் "ச்ச்" என்பார்கள். கட்சியும் பிரிந்தது. பாதிப் பேர் தம்பிக்கு. மீதிப் பேர் எனக்கு. நாலாயிரம் தடவை ஒருத்தன் வாயைத் திறக்காமல் இருந்தால் அதுவும் ஒரு சாதனைதானே என்று பேசினார்கள். எனக்குப் பேசினவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் வந்தது.

முத்துமாலை ஒருநாள் டீயை நீட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, ஒரு 'ம்' சொன்னாக்கூட அவரு கணக்குல ஏறுமாம்" என்றான்.

"டீ ஆறுது. உன் வேலையைப் பாரு."

"வேலையைத்தான் பாக்கேன். சுவரு என்னை விடவா செய்யுது?"

மறைப்பானேன், நானும் ஆட்டை இழுத்தேன். விடியலில் ஒரு சீப்புப் பழத்தைக் காட்டி என் வரிக்குக் கீழே நிறுத்தினேன். மேலே உள்ளதை நக்கியது, கீழே உள்ளதை நக்கியது, என் வரியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிவிட்டுப் போயிற்று. பழம் மட்டும் பாக்கியில்லை.

புரட்டாசி முடிகிற நாளில், தட்டினபிறகு அவன் கேள்வியைக் கேட்கவில்லை. கதவுக்கு அந்தப்பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்தது. அவனுக்கு அறுபத்தொன்பது ஆகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணே, இந்த சீசனோட இந்தக் கட்டத்தை மூடிருவேன். இன்னும் ஒம்பது நாள். மூடினா அப்புறம் தட்ட மாட்டேன். பயமுறுத்தல, சொல்லுதேன். ஒருத்தன் எப்பவாது நோட்டை மூடணும்லா" என்றான்.

கூட்டம் அன்றைக்கு "ச்ச்" சொல்லவில்லை. கலைந்து போனார்கள்.

சுவர் மறுநாள் காட்டியது, பாக்கி எட்டு. அதற்கு மறுநாள் ஏழு. மேகம் வேறு கடல்மேல் கூடிக்கொண்டு வந்தது. மழை வந்தால் சுவர் போகும், சுவர் போனால் வெட்கம் போகும் என்று முதலில் நினைத்தேன். பிறகு காலை ஏழு மணிக்குத் தட்டு விழாத ஒரு நாளை நினைத்துப் பார்த்தேன். குழம்பு இறங்கவில்லை. சலேத்து பாத்திரத்தை எடுக்க வந்தவள், மிச்சத்தைப் பார்த்துவிட்டு, "உப்பு கூடிட்டா அத்தான்?" என்று கேட்டாள். "சரியாத்தான் இருக்கு" என்றேன்.

பாக்கி மூணு என்று இருந்த அன்று மத்தியானம் பெட்டியைத் திறந்தேன். டாலி நோட்டுகளுக்கு அடியில் அந்த அட்டை இருந்தது. முப்பத்துமூணு வருஷமாக அதில் நான் பார்த்தது தேதி ஒன்றைத்தான். மற்றதெல்லாம் எனக்குக் கிறுக்கல். இப்போது தெருவோடு தெருவாக, வேண்டாம் வேண்டாம் என்றே எனக்கும் படிக்கத் தெரிந்துபோயிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டாலி பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கட்டமாய்ப் பார்த்தேன். முதல் இன்னிங்ஸ் நிறைந்திருந்தது. இரண்டாவது நிறைந்திருந்தது. மூன்றாவதில் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது, ஒரு கட்டத்தில் பென்சில் முனை அட்டையைத் துளைத்துப் பின்பக்கம் வந்திருந்தது. நான்காவது காலி. ஐந்து காலி. ஒன்பது வரைக்கும் காலி. ஒரு குறி இல்லை, ஒரு புள்ளி இல்லை.

ஒரு கட்டம் காலியாக இருந்தால் சோறு இறங்காத பயல்.

அட்டையைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். வெயில் சுவரைவிட்டு இறங்கும்வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கே கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். வெறும் கையாக நிற்க வரவில்லை. பழக்கமில்லாத காரியம், கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது, பக்கத்தில் கிடந்த பால் சட்டியை எடுத்துக்கொண்டேன். தட்டினான். திறந்தேன். முகத்துக்கு முகம். ரொம்ப வெளுத்துப்போயிருந்தான். பின்னால் தெரு முழுக்கக் கையில் டம்ளரோடு அசையாமல் நின்றது.

"என்னடா" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான், என் கையில் இருந்த பால் சட்டியைப் பார்த்தான், தெருமுனையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த பால்காரரைப் பார்த்தான். "மன்னிச்சிருண்ணே, பால்னு நினைச்சுட்ட" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். நான் சட்டியைப் பிடித்தபடி நின்றேன். பால்காரர் வந்து அரை லிட்டர் ஊற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் விடியலில் சுவரில் பூத்திருந்தது. நாலாயிரத்துப் பதினேழுக்குப் பூஜ்யம். பிழை, கஸ்பார், ஒன்று.

எழுபத்துநாலு வயசில், துறைமுகத்தில் ஒரு மூட்டை கூட விட்டதில்லை என்று பேர் வாங்கின எனக்கு, பிழை. தெருவே பேச்சாய்க் கிடந்தது. "என்னடான்னு கேட்டாருல்லா, அது ஹிட்டுதான்" என்றான் முத்துமாலை. "சட்டியோட திறந்தா எப்படி ஹிட்டு?" என்றாள் மரியபுஷ்பம். "குறி போடுறவரு சொல்லுறதுதான் தீர்ப்பு" என்று சாமியார் சொன்னார், அவரும் அன்றைக்கு நடைப்பயிற்சிக்கு வந்திருந்தார்.

நான் அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். தெற்கு வாசலை விட்டு இறங்கி, சுவரைத் தாண்டி, வடக்கு வாசலுக்குப் போனேன். எட்டி வைத்தால் பதினாலு எட்டு. தட்டினேன். மூணு தட்டு. முதல் தூறல் அப்போதுதான் விழுந்தது.

சலேத்து திறந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கரண்டியோடு அப்படியே பின்னால் நகர்ந்தாள். அவன் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான்.

"டேய்! நான் தெரிஞ்சுதான்டா திறந்தேன். அழிச்சிட்டு ஹிட்டுன்னு போடு" என்றேன்.

அவன் எழுந்து நின்றான். பென்சிலைக் கீழே வைக்கவில்லை. "கையில சட்டி இருந்துச்சேண்ணே. எனக்குச் சாதகமா நானே எப்படிப் போட? ஆதாரம் வேணும்."

அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். பார்த்தான். அது என்னிடம் இருப்பது அவனுக்குத் தெரியும். அதை நான் படிப்பேன் என்றுதான் தெரியாது. காலிக் கட்டங்கள்மேல் விரலை வைத்தேன்.

"நாலாவதுலேருந்து ஏன் எழுதல?"

தலையைத் தூக்காமலே சொன்னான். "காலையிலதான் செய்தி கொடுத்தாவ. அடக்கம் முடிஞ்சிருக்கும்னாவ. கப்பல்ல எட்டுப் பேருக்கு ஒரு அறைண்ணே, அங்க அழ முடியாது. மைதானத்துல நாப்பதாயிரம் பேரு கத்துறான். அங்க போய்க் கத்துனா யாருக்குத் தெரியப்போவுது? மூணு இன்னிங்ஸ் எழுதிப் பார்த்தேன். அப்புறம் கத்த ஆரம்பிச்சிட்டேன்."

சலேத்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரோரமாக நின்றாள். மழை பிடித்துக்கொண்டது. வெளியே சுவர் கரைய ஆரம்பித்திருக்கும். தெருவில் ஆளாளுக்குத் தங்கள் எண்ணைக் கடைசியாகப் பார்க்க ஓடுகிற சத்தம் கேட்டது.

"உட்காரு. பென்சிலை எடு. நாலாவதுலேருந்து எழுதிக்க" என்றேன்.

உட்கார்ந்தான்.

சொன்னேன். எனக்குப் பேச்சு வராது, டாலி வாசிக்கிற மாதிரித்தான் சொன்னேன். சனிக்கிழமை மத்தியானம் மூச்சு இழுக்க ஆரம்பித்ததையும், ஜன்னலைத் திறந்துவைக்கச் சொன்னதையும், எந்தக் கப்பல் துறைமுகத்தில் ஊதினாலும் "அவன் கப்பலா?" என்று அப்பா கேட்டதையும், இல்லை இல்லை என்று நான் சொன்னதையும், மணப்பாட்டு ஆசாரி செய்த சவப்பெட்டி ஒரு சாண் குட்டையாக இருந்து மறுபடி செய்ததையும், தூக்கினவர்கள் ஆறு பேர் பேரையும், மணி எத்தனை தடவை அடித்தது என்பதையும். அவன் கட்டம் கட்டமாக எழுதினான். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவதில் ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது.

"கடைசியா என்ன சொன்னாரு?" அதே கேள்வி, அதே குரல். இந்தத் தடவை நடுவில் கதவு இல்லை.

"சாயந்திரம் ஒரு கப்பல் ஊதிச்சு. 'அவன் கப்பலா?'ன்னாரு. எனக்கு அதுக்கு மேல முடியல. ஆமாப்பா, வந்துட்டான், கஸ்டம்ஸ்ல நிக்கான், இப்போ வந்துருவான்னேன். 'அப்போ சோத்தை மூடி வை, பசியோட வருவான்'னாரு. அதான் கடைசி." விரலால் அந்தக் கட்டத்தைக் காட்டினேன். "சாகிற மனுஷன்ட்ட பொய் சொன்னேன். நீ வராத கோவத்தைவிட அதுதான் என் வாயை அடைச்சுது. பிழைன்னு போடு. என் பேர்ல போடு."

பென்சில் ரொம்ப நேரம் அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றது. பிறகு இறங்கியது. குனிந்து, நிதானமாக, அவன் அதில் ஒரு சின்ன நங்கூரம் வரைந்தான்.

எனக்கு இப்போது அதெல்லாம் படிக்கத் தெரியும். அட்டையை அவன் பக்கமே விட்டுவிட்டேன். சலேத்து மூணு தட்டு எடுத்து வைத்தாள்.